தொலைத்தொடர்பு நிறுவனத்தின் சுற்றுச்சூழல் பாதிப்பைக் குறைப்பது: புதிதாகப் பொறுப்பேற்பவர்களுக்கு ஒரு வழிகாட்டி

தொலைத்தொடர்பு நிறுவனம் ஒன்றில் சுற்றுச்சூழல் பொறுப்பு புதிதாக உங்கள் கைக்கு வந்திருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். முதல் வாரத்திலேயே ஆளுக்கொரு யோசனை சொல்வார்கள். காகித பில்லை நிறுத்தலாம், அலுவலக விளக்குகளை மாற்றலாம், மரக்கன்று நடலாம் என்பார்கள். நல்ல வேலைகள்தான், செய்யுங்கள். ஆனால் உங்கள் நேரம் முழுவதையும் அதற்குக் கொடுத்துவிடாதீர்கள். மொபைல் நெட்வொர்க் எடுக்கும் மின்சாரத்தில் ஏறக்குறைய முக்கால் பங்கு கோபுரங்களில் இருக்கும் ரேடியோ கருவிகளுக்கும், அவற்றுக்குத் துணையாக ஓடும் ஏசி, மாறுமின்சாரத்தை நேர்மின்சாரமாக்கும் ரெக்டிஃபையர் போன்றவற்றுக்கும் போய்விடுகிறது. மிச்சத்தைத்தான் அழைப்பையும் டேட்டாவையும் இணைத்து அனுப்பும் மையப் பகுதியான கோர் நெட்வொர்க்கும் டேட்டா சென்டரும் மற்றவையும் பங்கிட்டுக்கொள்கின்றன.

இன்னொன்றையும் ஆரம்பத்திலேயே மனதில் வாங்கிக்கொள்ளுங்கள். நெட்வொர்க் கருவி வேலை செய்யும்போது எடுக்கும் மின்சாரத்துக்கும் சும்மா இருக்கும்போது எடுக்கும் மின்சாரத்துக்கும் நாம் நினைக்கும் அளவு வித்தியாசம் கிடையாது. ரவுட்டர், சுவிட்ச் போன்றவற்றில் வித்தியாசம் மிகச் சிறியது. இரவு இரண்டு மணிக்கு ஊரே தூங்கினாலும் கோபுரத்தின் மேலே ரேடியோ விழித்துக்கொண்டுதான் இருக்கும். இந்த வழிகாட்டியின் வரிசைக்கு இதுவே காரணம். முதலில் தேவையில்லாததை அணைக்க வேண்டும். அப்புறம் தேவையானதைக் குறைவான மின்சாரத்தில் ஓட வைக்க வேண்டும். பசுமை மின்சாரம் வாங்குவது அதற்கும் பிறகு. தலைகீழாகத் தொடங்கினால், யாருக்கும் பயன்படாத கருவிக்குச் சூரிய மின்சாரம் வாங்கிக் கொடுத்துக்கொண்டிருப்போம்.

படி 1: கணக்கை எடுங்கள், ஆனால் மேசையில் உட்கார்ந்து அல்ல

உலகம் முழுவதும் நிறுவனங்கள் பின்பற்றும் கணக்கு முறை ஜிஹெச்ஜி புரோட்டோகால். அது பசுமைக்குடில் வாயு வெளியேற்றத்தை மூன்றாகப் பிரிக்கிறது. உங்கள் நிறுவனமே எரிப்பதும் கசிய விடுவதும் ஸ்கோப் 1: ஜெனரேட்டர் டீசல், வண்டிகளின் எரிபொருள், ஏசியில் கசியும் வாயு. வாங்கும் மின்சாரம் ஸ்கோப் 2. மற்ற எல்லாம் ஸ்கோப் 3: வாங்கும் கருவிகளின் உற்பத்தி, வாடிக்கையாளர் வீட்டில் ஓடும் மோடம், விற்கும் போன்கள், இப்படி 15 வகைகள். பல தொலைத்தொடர்பு நிறுவனங்களில் மூன்றாவதுதான் மற்ற இரண்டையும் சேர்த்ததைவிடப் பெரியது. ஆனாலும் நேரடியாக உங்கள் கை எட்டுவது முதல் இரண்டும்தான். அங்கிருந்து தொடங்குங்கள்.

நடைமுறையில் செய்ய வேண்டியது இது. நெட்வொர்க் பிரிவிடமிருந்து சைட் பட்டியலை, அதாவது கோபுரமும் கருவியும் இருக்கும் இடங்களின் பட்டியலை, வாங்குங்கள். கணக்குப் பிரிவிடமிருந்து மின் இணைப்புகளின் பட்டியலை வாங்குங்கள். இரண்டையும் பக்கத்தில் வைத்து வரிக்கு வரி பொருத்துங்கள். சலிப்பான வேலை, வாரக்கணக்கில் இழுக்கும், ஆனால் இதைப்போல் பலன் தரும் வேலை வேறு இல்லை. பில் வருகிறது, பட்டியலில் அப்படி ஒரு சைட்டே இல்லை. சைட் இருக்கிறது, பில் யார் கட்டுகிறார்கள் என்று தெரியவில்லை. மீட்டர் படிக்காமல் போன வருடத்துச் சராசரியையே போட்டுக்கொண்டு வருகிறார்கள். மூன்றும் உங்கள் கண்ணில் படும்.

டீசலுக்கு லிட்டர் கணக்கு வேண்டும். ஒரு லிட்டர் டீசல் எரிந்தால் சுமார் 2.7 கிலோ கார்பன் டைஆக்சைடு வரும். ஏசி வாயுவுக்கு, பராமரிப்பு ஆட்கள் வருடத்தில் எத்தனை கிலோ நிரப்பினார்கள் என்று கேளுங்கள். நிரப்பிய அளவு ஏற்கெனவே கசிந்துபோன அளவு. இந்தக் கேள்வியை நிறையப் பேர் கேட்பதே இல்லை. ஆனால் பல இடங்களில் இன்னும் ஓடும் ஆர்-410ஏ வாயு, கார்பன் டைஆக்சைடைவிட சுமார் 2,088 மடங்கு சூடேற்றும் திறன் கொண்டது. ஒரு கிலோ கசிந்தால், ஏறக்குறைய 780 லிட்டர் டீசலை எரித்ததற்குச் சமம்.

கோபுரங்கள் வாடகைக்கு எடுத்தவை என்றால் ஒரு எச்சரிக்கை. சொந்தக் கோபுரங்களைக் கோபுர நிறுவனத்திடம் விற்றுவிட்டு அதே இடத்தில் வாடகைக்கு இருந்தால், அந்த மின்சாரமும் டீசலும் ஸ்கோப் 1, 2 கணக்கிலிருந்து ஸ்கோப் 3 கணக்குக்கு நகர்ந்துவிடலாம். அறிக்கையில் எண் குறையும், வானத்தில் புகை குறையாது. அதனால் கோபுர நிறுவனத்திடமும் சைட் வாரியான யூனிட் கணக்கையும் லிட்டர் கணக்கையும் கேட்டு வாங்குங்கள். ஒப்பந்தம் புதுப்பிக்கும்போது இதை ஒரு நிபந்தனையாகவே எழுதிவிடுங்கள். பிறகு கேட்டால் கிடைக்காது.

படி 2: ஆளில்லாமல் எரிபவற்றைத் தேடுங்கள்

வாடிக்கையாளர் போய்ப் பல வருடம் ஆகியும் எரிந்துகொண்டிருக்கும் லீஸ்டு லைன் (தனி வாடகை இணைப்பு) கருவி, புதிய கருவி வந்த பிறகும் "எதற்கும் இருக்கட்டும்" என்று விடப்பட்ட பழைய சுவிட்ச், சோதனைக்கு ஏற்றி மறந்துபோன சர்வர். இப்படிப்பட்டவை எல்லா நிறுவனங்களிலும் இருக்கின்றன. அணைக்க யாருக்கும் தைரியம் வருவதில்லை. அணைத்து ஏதாவது நின்றுபோனால் அணைத்தவர்தான் பதில் சொல்ல வேண்டும், விட்டுவைத்தால் யாரும் கேட்கப்போவதில்லை.

அந்தப் பயம் நியாயமானது, அதை மதித்து ஒரு முறையை உருவாக்குங்கள். சந்தேகத்துக்குரிய கருவியில் மூன்று மாதம் டிராஃபிக் இருக்கிறதா என்று பாருங்கள். இல்லையென்றால் முதலில் போர்ட்டை (கேபிள் வந்து சேரும் வாயிலை) மட்டும் மூடி, முப்பது நாள் காத்திருங்கள். புகார் எதுவும் வராவிட்டால் மின்சாரத்தைத் துண்டியுங்கள். இன்னும் முப்பது நாள் கழித்து ரேக்கிலிருந்து கழற்றுங்கள். கழற்றுவது முக்கியம். அங்கேயே இருந்தால் ஒரு நாள் யாராவது மறுபடி போட்டுவிடுவார்கள். 100 வாட் எடுக்கும் ஒரு கருவியை நிறுத்தினால் வருடத்துக்கு 876 யூனிட் மிச்சம். கருவியின் சூட்டை வெளியேற்ற ஏசி எடுத்துக்கொண்டிருந்த மின்சாரம் தனி.

இதே கேள்வியைப் பழைய தலைமுறை நெட்வொர்க்குகளைப் பார்த்தும் கேட்க வேண்டும். 2ஜி, 3ஜி, 4ஜி, 5ஜி நான்கையும் ஒரே கோபுரத்தில் ஓட்டுவது, நாலு பேருக்கு நாலு அடுப்பு மூட்டுவது போல. பல நாடுகளில் 3ஜி போய்விட்டது. அமெரிக்காவில் ஏடி அண்ட் டி 2022 பிப்ரவரியில் நிறுத்தியது. ஆனால் அவசரப்படாதீர்கள். பழைய நெட்வொர்க்கை நம்பி லிஃப்ட்டுக்குள் இருக்கும் அவசர அழைப்புக் கருவி, மின் மீட்டர், முதியோர் கழுத்தில் மாட்டியிருக்கும் எச்சரிக்கைப் பொத்தான் எல்லாம் இருக்கலாம். அவற்றின் பட்டியலை எடுத்து, மாற்று ஏற்பாடு செய்து, அப்புறம் அணையுங்கள்.

படி 3: ரேடியோவைத் தூங்க விடுங்கள்

பெரிய சேமிப்பு இங்கேதான் இருக்கிறது, அதனால் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன்.

கோபுரத்தின் ரேடியோ நிலையமான பேஸ் ஸ்டேஷனில் அதிகம் மின்சாரம் குடிப்பது, சிக்னலைப் பெருக்கி அனுப்பும் பவர் ஆம்ப்ளிஃபையர். அனுப்ப எதுவும் இல்லாதபோது அதை அணைத்துவிட்டால் போதும் என்று தோன்றும். 4ஜியில் அது சுலபமில்லை. 4ஜி ரேடியோ, யாரும் இல்லாவிட்டாலும், ஒவ்வொரு மில்லிநொடியிலும் பல தடவை ஒரு குறிப்பு சிக்னலை அனுப்பிக்கொண்டே இருக்க வேண்டும் என்று தரநிலையிலேயே இருக்கிறது. இரண்டு சிக்னலுக்கு நடுவில் கிடைக்கும் துளி நேரத்தில் கண்ணயர மட்டுமே முடியும். 5ஜி வடிவமைப்பில் இதைச் சரிசெய்தார்கள். அதில் கட்டாயச் சிக்னல் வழக்கமாக 20 மில்லிநொடிக்கு ஒருமுறைதான், 160 மில்லிநொடி வரைகூட நீட்டிக்க இடம் உண்டு. நடுவில் ரேடியோ நன்றாகவே தூங்கலாம். ஆனால் அந்த வசதி தானாக இயங்காது. உரிமம் வாங்கி, அமைப்பில் போய் இயக்க வேண்டும். வாங்கிய வசதி இயக்கப்படாமலே கிடப்பதும் உண்டு. எனவே நெட்வொர்க் பிரிவிடம் உங்கள் முதல் கேள்வி இதுவாக இருக்கட்டும்: "எந்தெந்தத் தூக்க வசதிகளுக்கு நம்மிடம் உரிமம் இருக்கிறது, எத்தனை செல்களில் (ஒரு ரேடியோ சிக்னல் தரும் பகுதிகளில்) அவை இப்போது இயங்குகின்றன?"

தூக்கத்தில் படிநிலைகள் உண்டு. மிக மேலோட்டமானது, தரவு இல்லாத கணங்களில் ஆம்ப்ளிஃபையரை மட்டும் அணைப்பது. யாருக்கும் எதுவும் தெரியாது, ஆபத்தும் குறைவு. அடுத்தது, 64 அனுப்புப் பாதைகள் கொண்ட பெரிய 5ஜி ஆன்டெனாவில் கூட்டம் இல்லாத நேரத்தில் பாதியை மூடுவது. அதற்கும் அடுத்து, ஒரு அலைவரிசையையே மொத்தமாக மூடுவது. ஆழ்ந்த தூக்கம் என்றால் ரேடியோ யூனிட் முழுவதும் அணைந்து, விழிப்பதற்கான சிறு பகுதி மட்டும் உயிரோடு இருக்கும்.

ஆழமாகப் போகப் போக மிச்சம் கூடும், எழுந்திருக்க ஆகும் நேரமும் கூடும். அதனால் ஒரு விதியை ஆரம்பத்திலேயே எழுதிவையுங்கள்: கவரேஜ் தரும் கீழ் அலைவரிசையைத் தொடக்கூடாது, கூட்டத்துக்காகப் போட்ட மேல் அலைவரிசைகளை மட்டும் தூங்க விட வேண்டும். கீழ் அலைவரிசை விழித்திருக்கும்வரை யாருடைய அவசர அழைப்பும் நின்றுபோகாது. மருத்துவமனை, தீயணைப்பு நிலையம், ரயில் நிலையம் போன்றவற்றைச் சுற்றியுள்ள சைட்களைத் தனிப் பட்டியலாக வைத்துக்கொண்டு கடைசியாகத் தொடுங்கள்.

சோதனை எப்படி நடத்துவது? ஒன்றுபோல இருக்கும் இரண்டு சைட் கூட்டங்களைத் தேர்ந்தெடுங்கள், ஒவ்வொன்றிலும் ஐம்பது இருந்தால் போதும். ஒன்றில் வசதியை இயக்குங்கள், மற்றதை அப்படியே விடுங்கள். நான்கு வாரம் இரண்டையும் ஒப்பிடுங்கள். யூனிட் கணக்கு, அழைப்பு அறுந்துபோகும் விகிதம், டேட்டா வேகம், புகார் எண்ணிக்கை நான்கையும் சேர்த்தே பாருங்கள். போன மாதத்தோடு மட்டும் ஒப்பிடாதீர்கள். வெயில் குறைந்ததால் ஏசி குறைவாக ஓடியதைத் தூக்க வசதியின் பலன் என்று நம்பிவிடுவோம். கருவி சொல்லும் மின் அளவை மட்டும் நம்பாமல், சில சைட்களிலாவது தனி மீட்டர் போட்டுச் சரிபாருங்கள்.

நெட்வொர்க் ஆட்களை எதிர்த்தரப்பாக நினைக்க வேண்டாம். இரவு பகலாக நெட்வொர்க் நிற்காமல் பார்த்துக்கொள்வதுதான் அவர்களுடைய வேலை, அதை வைத்துத்தான் அவர்களுக்கு மதிப்பெண் போடுகிறார்கள். மின் சேமிப்பையும் அந்த மதிப்பெண்ணில் சேர்க்க வையுங்கள். இதுவும் உங்கள் வேலைதான், ஒருவேளை எல்லாவற்றிலும் கடினமானதும் இதுதான்.

படி 4: குளிரூட்டலைக் குறையுங்கள்

கருவி எடுக்கும் மின்சாரம் கடைசியில் சூடாகத்தான் மாறுகிறது. அந்தச் சூட்டை வெளியேற்ற மறுபடி மின்சாரம். ஏசி போட்ட மூடிய ஷெல்டரில் இருக்கும் பழைய பேஸ் ஸ்டேஷனை, வெளியே மாட்டக்கூடிய ரேடியோவாக மாற்றினால் ஏசியே தேவைப்படாது. அது முடியாத இடங்களில் வெளிக்காற்று போதுமான குளிர்ச்சியாக இருக்கும் நேரத்தில் மின்விசிறியால் காற்றை உள்ளே இழுத்து, வெயில் ஏறும்போது மட்டும் ஏசியை ஓட விடலாம். தூசி உள்ள இடம் என்றால் வடிகட்டியைச் சுத்தம் செய்யும் செலவையும் கணக்கில் சேர்த்துக்கொள்ளுங்கள்.

செலவே இல்லாத வழி ஒன்றும் இருக்கிறது, வெப்பநிலை அமைப்பைக் கூட்டுவது. பல அறைகளில் ஏசியை 20, 21 டிகிரியில் வைத்திருப்பார்கள், காரணம் கேட்டால் "முதலிலிருந்தே அப்படித்தான்" என்பார்கள். தொலைத்தொடர்பு அறைகளுக்கான ஐரோப்பியத் தரநிலையின் வழக்கமான வகை 5 முதல் 40 டிகிரி வரையிலான சூழலுக்கானது. டேட்டா சென்டர்களுக்கு, குளிரூட்டல் பொறியாளர்களின் ஆஷ்ரே அமைப்பு பரிந்துரைப்பது 18 முதல் 27 டிகிரி. வாரத்துக்கு ஒரு டிகிரி என்று மெல்ல ஏற்றிப் பாருங்கள். தடையாக நிற்பது பெரும்பாலும் கருவி இல்லை, பேட்டரி. ஈய அமில பேட்டரி 25 டிகிரிக்கு மேல் ஏறும் ஒவ்வொரு 10 டிகிரிக்கும் தன் ஆயுளில் ஏறக்குறைய பாதியை இழக்கும். பேட்டரிக்கு மட்டும் ஒரு சிறு குளிர்ப்பெட்டி செய்து கொடுத்துவிட்டால், அறை முழுவதையும் குளிரவைக்க வேண்டியதில்லை.

டேட்டா சென்டரில் இதை அளக்க பியூஇ என்ற எண்ணைப் பயன்படுத்துவார்கள். கட்டடம் எடுக்கும் மொத்த மின்சாரத்தைக் கருவிகள் எடுக்கும் மின்சாரத்தால் வகுத்தால் கிடைப்பது அது. பயனுள்ளதுதான், ஆனால் ஒரு குறை உண்டு. பயனில்லாத சர்வர்களை அணைத்தால் கீழே இருக்கும் எண் குறைந்து, பியூஇ மோசமானதுபோலத் தெரியும். அதற்குப் பயந்து அணைக்காமல் விட்டுவிடாதீர்கள்.

படி 5: டீசலைக் குறையுங்கள்

மின் இணைப்பு இல்லாத, அல்லது அடிக்கடி மின்சாரம் போகும் இடங்களில் ஜெனரேட்டர்தான் சைட்டைத் தாங்குகிறது. சைட்டின் தேவை 2 கிலோவாட் இருக்கும், நிற்கும் ஜெனரேட்டரோ அதைப்போலப் பல மடங்கு பெரியது, 15 கேவிஏ. இவ்வளவு குறைந்த சுமையில் ஓடும்போது ஒவ்வொரு யூனிட்டுக்கும் அதிக டீசல் செலவாகும், சரியாக எரியாத எரிபொருள் புகைபோக்கியில் படிந்து என்ஜினும் கெடும்.

இதற்குச் சூரியத் தகடு வருவதற்கு முன்பே ஒரு மருந்து உண்டு. நல்ல பேட்டரி ஒன்றைச் சேர்த்து, ஜெனரேட்டரைச் சில மணி நேரம் மட்டும் முழுச் சுமைக்கு அருகில் ஓட்டி பேட்டரியை நிரப்பிவிட்டு அணைத்துவிடுவது. மீதி நேரம் பேட்டரி பார்த்துக்கொள்ளும். வேகமாக நிரப்புவதையும் அடிக்கடி தீர்வதையும் லித்தியம் பேட்டரி தாங்கும், சாதாரண ஈய அமில பேட்டரி அவ்வளவு தாங்காது. அப்புறம் சூரியத் தகடு சேர்த்தால் ஜெனரேட்டர் ஓடும் நேரம் இன்னும் குறையும். தகட்டின் அளவைக் கணக்கிடும் முன் படி 3, 4 இரண்டையும் அந்தச் சைட்டில் முடித்துவிடுங்கள். சைட்டின் தேவை பாதியானால் தகடும் பாதி போதும். இடம் குறைவான சைட்களில் அதுதான் முடியும் என்பதற்கும் முடியாது என்பதற்கும் உள்ள வித்தியாசம்.

படி 6: மின்சாரம் வாங்கும் முறையை மாற்றுங்கள்

இரண்டு வழிகள் உண்டு. ஒன்று, இத்தனை யூனிட் பசுமை மின்சாரம் உற்பத்தியானது என்று காட்டும் சான்றிதழ் வாங்குவது, மற்றது புதிய காற்றாலை அல்லது சூரிய நிலையத்தோடு பத்துப் பதினைந்து வருட ஒப்பந்தம் போடுவது. முடிந்தவரை இரண்டாவதைத் தேர்ந்தெடுங்கள். ஏற்கெனவே ஓடிக்கொண்டிருக்கும் நிலையத்தின் சான்றிதழை வாங்குவதால் புதிதாக ஒரு யூனிட்கூட உற்பத்தியாவதில்லை. நீண்ட ஒப்பந்தம் இருந்தால், அதைக் காட்டிக் கடன் வாங்கிப் புதிய நிலையமே கட்டுவார்கள். ஸ்கோப் 2 கணக்கை இரண்டு விதமாகவும் எழுதுங்கள்: நீங்கள் இருக்கும் மின்கட்டமைப்பின் சராசரிப்படி ஒன்று, வாங்கிய ஒப்பந்தத்தின்படி ஒன்று. கணக்கு முறையும் அதைத்தான் கேட்கிறது.

படி 7: காப்பரிலிருந்து ஃபைபருக்கு

வீட்டு இணைப்புகளில் இதுவே பெரிய மாற்றம். இன்றைய ஃபைபர் இணைப்பில் தொலைபேசி எக்ஸ்சேஞ்சுக்கும் வீட்டுக்கும் நடுவே ஒளியைப் பிரிக்கும் கண்ணாடித் துண்டுதான் இருக்கும், அதற்கு மின்சாரமே வேண்டாம். ஆனால் ஃபைபர் போட்ட பிறகும் காப்பர் நெட்வொர்க்கை ஓட்டிக்கொண்டிருந்தால் இரண்டுக்கும் மின்சாரம் போகும். கடைசிப் பத்து சதவீத வாடிக்கையாளர்களை மாற்றி முடித்து எக்ஸ்சேஞ்சை மூடும்வரை சேமிப்பு கைக்கு வராது. எனவே தெருத் தெருவாக அல்ல, எக்ஸ்சேஞ்ச் எக்ஸ்சேஞ்சாக முடியுங்கள். பிடுங்கி எடுக்கும் காப்பருக்கு நல்ல விலை உண்டு, திட்டச் செலவில் ஒரு பகுதியை அதுவே கொடுக்கும். மிகப் பழைய கேபிள்களில் ஈய உறை இருக்கலாம், அவற்றைப் பயிற்சி பெற்றவர்களே கையாள வேண்டும். குழி தோண்டும்போது மற்ற நிறுவனங்களோடு குழாயைப் பகிர்ந்துகொண்டால் ஒரே தெருவை மூன்று முறை வெட்ட வேண்டியதில்லை.

படி 8: வாடிக்கையாளர் வீட்டில் இருக்கும் உங்கள் பெட்டிகள்

வீட்டு மோடம் வருடம் முழுவதும் அணையாமல் எரிகிறது. அதில் 2 வாட் குறைத்தால் வருடத்துக்குப் பதினேழரை யூனிட்தான். பத்து லட்சம் வீடுகள் என்றால் ஒன்றேமுக்கால் கோடி யூனிட். அடுத்த டெண்டரில் சும்மா இருக்கும் நிலையில் எத்தனை வாட் என்று உச்சவரம்பு வைத்து எழுதுங்கள். பெட்டியைத் திருகால் பூட்டச் சொல்லுங்கள், பசையால் ஒட்ட வேண்டாம். திரும்பி வரும் பெட்டியைத் துடைத்து, புதிய மேலுறை போட்டு அடுத்த வீட்டுக்கு அனுப்ப அது உதவும். வாடிக்கையாளர் விலகும்போது பெட்டியைத் திருப்பி அனுப்புவது அவருக்குச் சுலபமாக இருக்க வேண்டும், இல்லையென்றால் அது அலமாரியில் கிடக்கும்.

போன் விற்கும் நிறுவனமாக இருந்தால் இன்னும் ஒரு பொறுப்பு. ஸ்மார்ட்போன் தன் வாழ்நாளில் உண்டாக்கும் வெளியேற்றத்தில் பெரும்பகுதி அதைத் தயாரிக்கும்போதே முடிந்துவிடுகிறது, பல மாடல்களில் அது ஐந்தில் நான்கு பங்கு. ஆகவே ஒரு போனை இன்னும் ஒரு வருடம் உழைக்க வைப்பதே பெரிய உதவி. பேட்டரி மாற்றித் தருவது, புதுப்பித்த போன்களைக் கடையின் முன்வரிசையில் வைப்பது, புதுப் போனோடு கட்டாமல் சிம் மட்டும் தரும் திட்டங்களை மலிவாக வைப்பது எல்லாம் இதில் சேரும். 2021 மே மாதம் ஐரோப்பாவின் ஐந்து பெரிய நிறுவனங்கள், டாய்ச்ச டெலிகாம், ஓரஞ்ச், டெலிஃபோனிகா, டெலியா, வோடஃபோன், போன்களின் சுற்றுச்சூழல் பாதிப்பை மதிப்பிடும் ஈக்கோ ரேட்டிங் என்ற பொது மதிப்பெண் முறையைத் தொடங்கின. அதுபோன்ற மதிப்பெண் விலைச்சீட்டுக்குப் பக்கத்திலேயே இருந்தால்தான் வாங்குபவர் பார்ப்பார்.

கழிவுக்கு வருவோம். 2022இல் உலகம் உண்டாக்கிய மின் கழிவு 6.2 கோடி டன். அதில் முறையாகச் சேகரித்து மறுசுழற்சி செய்ததாகப் பதிவானது 22.3 சதவீதம் மட்டுமே. உங்கள் நிறுவனத்தில் இந்தச் சங்கிலி அறுவது பெரும்பாலும் ஏலத்தில்தான். பழைய ஈய அமில பேட்டரிகளை அதிக விலை கேட்பவருக்குக் கொடுப்பார்கள். அதிக விலை தர முடிந்தவர், புகை வடிகட்டி எதுவும் இல்லாமல் திறந்த வெளியில் உருக்குபவராக இருக்கலாம். அந்த ஈயம் பக்கத்து வீட்டுக் குழந்தைகளின் இரத்தத்தில் போய்ச் சேரும். அனுமதி பெற்ற மறுசுழற்சி ஆலைகளுக்கு மட்டும் விற்பது, எடைக்கு எடை ரசீது வாங்குவது, வருடத்துக்கு ஒருமுறை சொல்லாமல் போய் ஆலையைப் பார்ப்பது, இந்த மூன்றிலும் விட்டுக்கொடுக்காதீர்கள்.

கோபுரமும் பறவைகளும்

கார்பன் கணக்கில் வராத ஒன்றையும் சொல்லிவிடுகிறேன். கம்பிகளால் இழுத்துக் கட்டிய உயரமான கோபுரங்களில் தொடர்ந்து எரியும் சிவப்பு விளக்கு, இரவில் வலசை போகும் பறவைகளைக் குழப்புகிறது. அவை விளக்கைச் சுற்றிச் சுற்றிப் பறந்து கம்பிகளில் மோதிச் சாகின்றன. விளக்கு விட்டுவிட்டு எரிந்தால் இந்த மோதல் வெகுவாகக் குறைகிறது. அமெரிக்க விமானப் போக்குவரத்து நிர்வாகம் 2015இல் தன் வழிகாட்டுதலையே இதற்கேற்ப மாற்றியது. உங்கள் இடத்து விமான விதிகள் அனுமதித்தால் உடனே மாற்றுங்கள், மின்சாரமும் கொஞ்சம் மிஞ்சும்.

படி 9: இலக்கும் அறிக்கையும்

"ஒரு ஜிபிக்கு இத்தனை யூனிட்" என்ற அளவு எப்போதும் அழகாகக் குறைந்துகொண்டே வரும். டேட்டா பயன்பாடு ஏறுவதால் அது தானாகவே குறையும், நீங்கள் எதுவும் செய்யாவிட்டாலும். எனவே இலக்கை மொத்த யூனிட்டிலும் மொத்த டன்னிலும் வையுங்கள். எவ்வளவு என்பதற்கு, ஐநாவின் தொலைத்தொடர்பு அமைப்பான ஐடியூவின் எல்.1470 பரிந்துரை ஒரு அளவுகோல் தருகிறது: தகவல் தொழில்நுட்பத் துறை 2020 முதல் 2030க்குள் தன் வெளியேற்றத்தை 45 சதவீதம் குறைக்க வேண்டும். தொலைபேசியால் மற்றவர்கள் பயணத்தைக் குறைத்தார்கள், அதனால் இத்தனை டன் மிச்சம் என்ற கணக்கை எழுத விரும்பினால் தனிப் பக்கத்தில் எழுதுங்கள், உங்கள் சொந்த வெளியேற்றத்திலிருந்து கழிக்காதீர்கள்.

அறிக்கையின் முதல் பக்கத்தில் மூன்று எண்கள் போதும்: மொத்த யூனிட், மொத்த டீசல் லிட்டர், ஏசியில் நிரப்பிய வாயுவின் கிலோ. ஒவ்வொரு வருடமும் அதே மூன்று, அதே இடத்தில், கூடியிருந்தாலும் குறைந்திருந்தாலும். நடுவில் கோபுரங்களை விற்றாலோ வேறு நிறுவனத்தை வாங்கினாலோ ஒப்பிட எடுத்துக்கொண்ட அடிப்படை ஆண்டின் எண்களையும் அதற்கேற்பத் திருத்தி, திருத்தியதைப் பக்கத்திலேயே எழுதிவையுங்கள்.